50 எக்ஸ் ஜூமும் ஒரு கல்வெட்டு வரியும்

கேமரா வாங்கப் போகும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எத்தனை எக்ஸ் வாங்கலாம்?" என்பதுதான். அடுத்த கேள்வி மெகாபிக்சல். இரண்டு எண்களும் பெட்டியின் மேலேயே பெரிதாக அச்சடித்திருக்கும். கடைக்காரரும் அதைத்தான் காட்டுவார். பல வருஷமாகக் காம்பாக்ட், பிரிட்ஜ் கேமராக்களை வாங்கி, கோயில் கோயிலாகத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் எனக்குப் பட்டது, அந்த இரண்டு எண்களும் நம் வேலைக்குப் பெரிதாக உதவாதவை என்பது. உதவுகிற எண்கள் பெட்டியின் பின்பக்கம், பொடி எழுத்தில் இருக்கும்.

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் இல்லை. வாரநாளில் மென்பொருள், விடுமுறையில் கல்வெட்டு. கல்வெட்டுப் படம் எடுப்பவனுக்கு வெளிச்சம் போதாது, இடம் போதாது, நேரமும் போதாது. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலி வைக்க அனுமதி வாங்கணும். கையில் பிடித்தே எடுக்கிற மாதிரி, பையில் ஒரு ஓரத்தில் அடங்குகிற மாதிரி வேண்டும். காம்பாக்டும் பிரிட்ஜும் இப்படிப்பட்ட ஆட்களுக்காகவே பிறந்தவை.

அதில் ஒரு அவசரமும் இருக்கிறது. திருப்பணி என்று ஆரம்பித்தால் சில கோயில்களில் மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்கிறார்கள், சில இடங்களில் தரையை உயர்த்தி ஜகதியையே புதைத்துவிடுகிறார்கள். அடுத்த முறை போகும்போது அந்த வரி இருக்காது. நம் மெமரி கார்டில் இருப்பதுதான் மிச்சம். அதனால் படம் அழகாக வந்ததா என்பதைவிட, கல்லில் இருந்தது படத்தில் இருக்கிறதா என்பதுதான் என் அளவுகோல். கீழே உள்ள விமர்சனம் எல்லாம் அந்த அளவுகோலை வைத்துத்தான்.

எக்ஸ் என்பது வெறும் வகுத்தல்

ஜூமின் பெரிய முனையைச் சிறிய முனையால் வகுத்தால் எக்ஸ் வந்துவிடும். 2007-இல் வந்த கேனன் எஸ்5 ஐஎஸ் 36 முதல் 432 மி.மீ. வரை (35 மி.மீ. ஃபிலிம் கணக்கில்), அதாவது 12 எக்ஸ். 2012-இல் வந்த எஸ்எக்ஸ்50 எச்எஸ் 24 முதல் 1200 வரை, 50 எக்ஸ். கேட்டால் நாலு மடங்கு தூரம் பார்க்கும் போலிருக்கும். உண்மையில் 1200-ஐ 432-ஆல் வகுங்கள், 2.8 மடங்குதான். மீதி வித்தியாசம் அகலக்கோண முனையில் வந்தது. மண்டபத்தின் இடுக்கில் நின்று எடுப்பவனுக்கு அந்த 24 மி.மீ.தான் பெரிய வரம். ஆனால் அதை யாரும் விளம்பரம் செய்யவில்லை.

அதே 2012-இல் பானசோனிக் எஃப்இசட்200 வந்தது. வெறும் 24 எக்ஸ், 600 மி.மீ. வரைதான். இரண்டிலும் அதே 1/2.3 அங்குல சென்சார், அதே 12 மெகாபிக்சல். கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பானசோனிக் தோற்றுவிடும். பொடி எழுத்தைப் பாருங்கள்: எஃப்இசட்200-இன் துளை 25 மி.மீ.யில் தொடங்கி 600 வரை எஃப்/2.8-ஆகவே நிற்கிறது. எஸ்எக்ஸ்50 அதன் கடைசி முனையில் எஃப்/6.5. வெளிச்சக் கணக்கில் இது 5 மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒன்றில் 1/60 வினாடியில் கிடைக்கும் படத்துக்கு மற்றதில் சுமார் 1/11 வினாடி வேண்டும், அதுவும் இரண்டு மடங்கு ஜூமில், கை நடுக்கத்தோடு. இல்லையென்றால் ஐஎஸ்ஓவை ஏற்றணும்.

இன்னொரு கணக்கும் உண்டு. எஃப்/6.5-இல் ஒரு புள்ளி வெளிச்சம் சென்சாரில் சுமார் 8.7 மைக்ரான் வட்டமாகப் பரவும். இது ஒளியின் குணம், எந்த நிறுவனமும் மீற முடியாது. அந்தச் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 1.5 மைக்ரான். ஒரு புள்ளி ஆறு பிக்சல் அகலத்துக்குப் படர்கிறது என்றால், ஜூமை இரண்டு மடங்கு ஆக்கினாலும் விவரம் இரண்டு மடங்கு ஆகாது. நல்ல வெயிலில் கொஞ்சம் கூடும். கோபுரத்தின் நிழல் பக்கத்தில் அதுவும் இல்லை.

கருங்கல்லும் கேமராவின் "சுத்தமும்"

எனக்கு உண்மையான தகராறு இங்கேதான். சின்ன சென்சாரில் வெளிச்சம் குறைந்தால் இரைச்சல் வரும், பொட்டுப் பொட்டாக. கேமரா அதை வழித்துவிட்டு ஜேபெக் ஃபைலைத் தரும். முகத்துக்கு அது நல்லதுதான். ஆனால் கருங்கல்லே பொட்டுப் பொட்டாக இருக்கிற பொருள். எது இரைச்சல், எது கல், எது தேய்ந்த எழுத்தின் கீற்று என்று அந்த நிரலுக்குத் தெரியாது. மூன்றையும் சேர்த்து வழிக்கும். அப்புறம் கூர்மை சேர்க்கிறேன் என்று இல்லாத ஓரங்களை வரையும்.

கல்வெட்டில் இது சின்ன விஷயம் இல்லை. பெரும்பாலும் புள்ளி இருக்காது, குறில் நெடில் எகர ஒகர வேறுபாடு இருக்காது, ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும். ஏற்கெனவே இவ்வளவு ஊகத்தோடு படிக்கிறோம். அதில் ஒரு கீற்றைக் கேமரா அழித்தால் ஊர்ப்பெயரே மாறிப்போகும்.

அதனால்தான் 'ரா' ஃபைல் வேண்டும் என்கிறேன். சென்சார் பார்த்ததை வழிக்காமல் அப்படியே தருவது அது. எஸ்எக்ஸ்50-லும் எஃப்இசட்200-லும் இருக்கிறது. 2015-இல் வந்த நிக்கான் பி900, 2000 மி.மீ. வரை போய் நிலவின் பள்ளங்களைக் காட்டிப் புகழ் வாங்கியது. அதில் ரா கிடையாது. 83 எக்ஸ் கொடுக்க முடிந்தவர்களுக்கு இதைக் கொடுக்க முடியாமலா போயிருக்கும்? பெட்டியில் அச்சடித்தால் விற்காது, அவ்வளவுதான். எஸ்5 ஐஎஸ்ஸிலும் நிறுவனம் தரவில்லை. சிஎச்டிகே என்று ஆர்வலர்கள் எழுதிய இலவச நிரல் ஒன்று உண்டு. கார்டில் போட்டு ஓட்டினால் அந்தப் பழைய கேனன் ரா எழுதும். கார்டை எடுத்துவிட்டால் கேமரா பழையபடி. வன்பொருளில் திறன் இருந்தது, கதவைத்தான் பூட்டியிருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

எதற்குக் காசு கொடுக்கலாம்?

சென்சாருக்கு. 1/2.3 அங்குலம் என்று எழுதியிருப்பதன் உண்மைப் பரப்பு ஏறக்குறைய 28 சதுர மி.மீ. 1 அங்குலச் சென்சார் 13.2-க்கு 8.8 மி.மீ., அதாவது 116 சதுர மி.மீ. (அங்குலக் கணக்கு பழைய வீடியோ குழாய்க் காலத்தின் மிச்சம், அளவுகோல் வைத்துப் பார்த்தால் ஒத்துவராது.) நாலு மடங்கு பரப்பு. 2012-இன் சோனி ஆர்எக்ஸ்100 சட்டைப் பையில் போகிற காம்பாக்டுக்குள் இதை வைத்தது, அகல முனையில் எஃப்/1.8. 2014-இன் பானசோனிக் எஃப்இசட்1000 அதே அளவுச் சென்சாரோடு 25 முதல் 400 மி.மீ. வரை. ஜூம் வெறும் 16 எக்ஸ். என் வேலைக்கு இதுவரை வந்த பிரிட்ஜ் கேமராக்களில் இதுதான் புத்திசாலித்தனமான சமரசம்.

திரும்பும் திரைக்கும் கொடுக்கலாம். ஜகதியில் இருக்கும் வரியை எடுக்கக் கேமராவைத் தரையோடு வைத்து, திரையை மேலே திருப்பிக்கொள்ளலாம். ஆர்எக்ஸ்100-இன் முதல் மாடலில் திரை திரும்பாது, தரையில் படுத்துத்தான் எடுக்கணும்.

பழையது வாங்குகிறவர்களுக்கு மூன்று விஷயம். ஒன்று, லென்ஸை நாலைந்து முறை வெளியே தள்ளி உள்ளே இழுத்துப் பாருங்கள். என் கேமரா ஒன்றில் லென்ஸ் பாதியில் நின்றுவிட்டது. சேவை மையத்தில் லென்ஸ் தொகுதியையே மாற்றணும் என்று சொல்லி, கேமராவின் மதிப்பைவிட அதிகம் கேட்டார்கள். இரண்டு, வெறும் வானத்தைச் சின்னத் துளையில் எடுத்துப் பாருங்கள். கறுப்புப் பொட்டு தெரிந்தால் உள்ளே தூசி. லென்ஸைக் கழற்ற முடியாத கேமராவில் அதை நாமே துடைக்க முடியாது. மூன்று, பேட்டரி. கேனன் ஏ620, எஸ்5 ஐஎஸ் போன்றவை நாலு பென்சில் பேட்டரியில் ஓடும், எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

"இதெல்லாம் எதற்கு, போன் இருக்கே" என்பீர்கள். பெரும்பாலோர் அப்படித்தான் முடிவெடுத்தார்கள். 2010-இல் உலகம் முழுக்க 10 கோடிக்கு மேல் விற்பனைக்குப் போன காம்பாக்ட் வகைக் கேமராக்கள், 2023-இல் 20 லட்சத்துக்கும் கீழே. ஆனால் அதே 2023-இல்தான் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவுப் படத்தைத் திரையில் வைத்துச் சாம்சங் போனால் எடுக்க, போன் பள்ளங்களைத் தானே நிரப்பிக் கொடுத்தது. நிலவு எப்படி இருக்கும் என்று அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நாளைக்கு யாராவது சோழர் கால எழுத்து எப்படி இருக்கும் என்று கற்றுக்கொடுத்தால், போன் அழகான வரி ஒன்றை எழுதித் தரும். கல்லில் அது இருந்ததா என்று சரிபார்க்கப் போனால், கல்லையே மணல் தின்றிருக்கும்.

ஆகவே வாங்கும் முன் ஒரு சோதனை. உங்கள் கார்டைப் போட்டு, கடைக்குள் இருட்டான மூலையில் ஏதாவது சொரசொரப்பான சுவரை எடுங்கள். வீட்டுக்கு வந்து முழு அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் வாங்கலாம். பக்கவாட்டு வெளிச்சம் விட்டு எடுப்பது பற்றித் தனியாக ஒரு குறிப்பு எழுதணும், அடுத்ததாக.