தட்சிணசித்ராவின் வீடுகள்: ஒரு மதிப்பீடு

தட்சிணசித்ரா, செங்கல்பட்டு மாவட்டம் முட்டுக்காட்டில், சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ள திறந்தவெளி அருங்காட்சியகம். 1984-இல் டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன் இதை நடத்துகிறது. 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர்கள் லாரி பேக்கர், பென்னி குரியகோஸ் ஆகியோரின் பங்களிப்பில் உருவான சுமார் 10 ஏக்கர் வளாகத்தில் தென்மாநிலங்களின் 18 மரபு வீடுகள் உள்ளன.

பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து ஓரிடத்தில் நிறுத்தும் முறைக்கு முன்னோடி, சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் 1891-இல் தொடங்கப்பட்ட ஸ்கான்சென். அங்குள்ள வீடுகள் பெரும்பாலும் மரத்தாலானவை. இந்த முறையின் பலமும் பலவீனமும் மரத்தைப் பொறுத்தே அமைகின்றன.

கேரள வீடு

புதுப்பள்ளியிலிருந்து கொண்டுவரப்பட்ட சிரியன் கிறித்தவர் வீடு மரவேலையால் ஆனது. பலகைகளையும் உத்தரங்களையும் பொருத்து பொருத்தாகக் கழற்றி, எண்ணிட்டு, மறுபடி கோக்க முடியும். எனவே தச்சரின் கைவேலையை இங்கே ஏறக்குறைய அப்படியே காணலாம். இது இந்த அருங்காட்சியகத்தின் பெரிய வெற்றி.

செட்டிநாட்டு வீடு

செட்டிநாட்டு வீட்டின் நிலை வேறு. அதன் அழகில் பாதி சுண்ணாம்புச் சாந்தில் இருக்கிறது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய அந்தச் சுவரைப் பெயர்த்து எடுக்க முடியாது. பர்மா தேக்குத் தூண்களும் கதவு நிலைகளும் மட்டுமே பயணம் செய்யும். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் பல கட்டு வீட்டின் நீளத்தையும் இங்கே உணர முடியாது.

விடுபடுவது அளவு மட்டுமன்று. வளவைச் சுற்றியுள்ள அறைகள் மணமான மகன்களுக்குப் பிரித்துத் தரப்பட்டவை. தனித்தனியே உலை வைத்தாலும் திருமணமும் படைப்பும் பொது முற்றத்தில்தான். தலைமுறைகள் பெருகப் பங்காளிகளும் பெருகினர். பராமரிக்க ஒருமித்த முடிவு எடுக்க முடியாமல் பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. சில இடிக்கப்பட்டு, தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. வீட்டை உருவாக்கிய உறவுமுறையே அதன் அழிவுக்கும் ஒரு காரணமானது. வாசல் நிலையின் வேலைப்பாட்டை மட்டும் ரசித்துச் செல்பவருக்கு இந்த வரலாறு தெரியாது.

மதிப்பீடு

கடைக்குப் போகவிருந்த பொருள் மக்கள் பார்வைக்கு வந்தது நல்லதே. ஆயினும் எந்தப் பகுதி பழையது, எது புதிதாகக் கட்டப்பட்டது என்று கேட்டறிந்து பார்ப்பது மாணவர்களுக்கு அவசியம். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் நிற்கும் வீடுகளை அவை இருக்கும் தெருவிலேயே காப்பதுதான் முதன்மையான பணி. முட்டுக்காட்டை அந்தத் தெருக்களுக்கான அறிமுகமாகக் கொள்வதே பொருத்தம்.