குறியும் சான்றும்: கென்னடி கொலை ஆய்வுகள் பற்றிய ஒரு நோக்கு

அமெரிக்க ஜனாதிபதி யோன் எவ். கென்னடி 1963ஆம் ஆண்டு நவம்பர் 22ஆந் திகதி டலஸ் நகரிற் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளி எனக் கைதுசெய்யப்பட்ட லீ ஹாவி ஒஸ்வால்ட், இரண்டு நாட்களின் பின் பொலிஸ் காவலில் இருக்கும்போதே யக் றூபி என்பவராற் சுடப்பட்டு இறந்தார். ஒஸ்வால்ட் தனித்தே செயற்பட்டார் என 1964இல் வாரன் ஆணைக்குழு 888 பக்க அறிக்கையொன்றில் முடிவு கூறியது. எனினும், நீதிமன்றத்திற் கேட்கப்படாது போன வினாக்களை அவ்வறிக்கையின் வாசகர்கள் கேட்கத் தொடங்கினர். அவற்றின் வழித் தோன்றிய நூல்கள் ஒரு தனி இலக்கிய வகை எனக் கொள்ளத்தக்க அளவுக்குப் பெருகிவிட்டன. அவற்றின் வாசிப்பு முறையைப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டு உதாரணங்களை நோக்குவோம். முதலாவது, குடை மனிதர். நல்ல வெயிலில், ஜனாதிபதியின் வாகனம் கடக்கும் வேளையில், ஒருவர் கறுப்புக் குடையை விரித்து நிற்பதைப் புகைப்படங்கள் காட்டின. அது துப்பாக்கிதாரிகளுக்குக் காட்டிய சைகை என்றனர் சிலர். குடையே ஆயுதம் என்றனர் வேறு சிலர். 1978இல் அம்மனிதர் பிரதிநிதிகள் சபைக் குழுவின்முன் தோன்றி விளக்கமளித்தார். கென்னடியின் தந்தையார் இலண்டனில் தூதுவராயிருந்த காலத்தில், ஹிட்லருடன் இணங்கிப்போக முயன்ற பிரதமர் சேம்பர்லினை ஆதரித்தவர். சேம்பர்லினின் அடையாளம் கறுப்புக் குடை. அதனைக் காட்டி மகனைச் சீண்டவே தாம் வந்ததாக அவர் கூறினார். குடை ஒரு குறியாகவே இருந்தது; ஆயின், அதன் பொருளை ஆய்வாளர் எவரும் ஊகிக்கவில்லை.

இரண்டாவது, நியூ ஓர்லீன்ஸ் மாவட்ட வழக்குத்தொடுநர் யிம் கரிசன் கண்ட இரகசியக் குறியீடு. அவர் 1967இல் கிளே ஷோ என்ற வணிகப் பிரமுகரைச் சதிக் குற்றஞ்சாட்டிக் கைதுசெய்தார். ஷோவின் முகவரிப் புத்தகத்தில் 19106 என்ற டலஸ் தபாற்பெட்டி இலக்கம் இருந்தது. ஒஸ்வால்டின் குறிப்பேட்டிலும் அதே எண் இருப்பதாகக் கரிசன் கூறினார். அவ்விலக்கங்களை 16901 என இடம்மாற்றி, அதிலிருந்து 1300ஐக் கழித்தால் 15601 வரும். அதுவே றூபியின் தொலைபேசி இலக்கம் என்றார். அவ்விலக்கத் தபாற்பெட்டியோ ஒஸ்வால்ட் இறந்த பின்னரே உருவானது. அதனை வைத்திருந்தவரும் மெய்யான ஒரு வணிகர். ஒஸ்வால்டின் ஏட்டில் எண்ணின் முன்னிருந்தவை ருசிய எழுத்துகள். 1300ஐ ஏன் கழிக்க வேண்டும் என்ற வினாவுக்கு, கழித்தால் விடை வருகிறது என்பதைத் தவிர வேறு மறுமொழி இல்லை. 1969இல் யூரிமார் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆலோசித்து ஷோவை விடுதலை செய்தனர்.

மறைபொருள் காண்பது நமக்குப் புதிதன்று. உள்ளுறையும் இறைச்சியும் நமது கவிதை மரபின் அடிப்படைகள். எனினும், கருப்பொருளிலிருந்து உட்பொருளுக்குச் செல்லும் வழியைத் திணை மரபு முன்கூட்டியே வகுத்துள்ளது. அவ்வழி புலவனுக்கும் வாசகனுக்கும் பொது. கரிசனின் குறியீட்டிலோ விடை முதலில் தீர்மானிக்கப்பட்டது. திறவுகோல் பின்னர் செய்யப்பட்டது. இத்தகைய வாசிப்பு தோற்க முடியாதது. ஆதலால் எதனையும் நிறுவவும் முடியாதது. இதற்கு மாறாக, 1979இல் பிரதிநிதிகள் சபைக் குழு, பொலிஸ் வானொலி ஒலிப்பதிவொன்றைக் கொண்டு, சதி நடந்திருக்கக்கூடும் என முடிவு செய்தது. அந்த ஒலிச்சான்றை 1982இல் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் குழுவொன்று பரிசோதித்து நிராகரித்தது. அம்முடிவு தவறாயிருக்கலாம், அதன் முறை சோதிக்கத்தக்கதாயிருந்தது.

கரிசனின் நூலைத் தழுவிய ஒலிவர் ஸ்ரோனின் 1991ஆம் ஆண்டுத் திரைப்படம் இப்பிரச்சினையை மேலும் சிக்கலாக்கியது. மெய்யான ஆவணக் காட்சிகளையும், கறுப்பு வெள்ளையில் எடுத்த நடிப்புக் காட்சிகளையும் அது வேறுபாடு தெரியாதவாறு இணைத்தது. ஊகம் சான்றின் உடையை அணிந்துகொண்டது. விடுதலை பெற்று 1974இல் மறைந்த ஷோ, திரையில் மீண்டும் குற்றவாளியானார். கலைஞனின் சுதந்திரம் என்று கூறி இதனைக் கடந்துவிட முடியுமா?

ஆயினும், ஐயங் கொண்டோரை எள்ளி நகையாடுவதும் நேர்மையன்று. கஸ்ரோவைக் கொல்ல மத்திய உளவு நிறுவனம் தீட்டிய திட்டங்கள் 1975இல் செனற் சபை விசாரணையில் வெளிவந்தன. அந்நிறுவனத்தின் முன்னாள் தலைவர் அலன் டலஸ் வாரன் ஆணைக்குழுவில் உறுப்பினராயிருந்தும், அவை ஆணைக்குழுவுக்கு மறைக்கப்பட்டிருந்தன. ஸ்ரோனின் படம் எழுப்பிய கொந்தளிப்பே 1992இல் ஆவணங்களை வெளியிடும் சட்டத்துக்கு வழிவகுத்தது. 2025ஆம் ஆண்டிலும் ஏடுகள் வெளிவந்தன. அரசு மறைத்ததனாலேயே மக்கள் எங்கும் மறைபொருள் தேடினர்.

எனவே, ஐயுறுவது வாசகனின் உரிமை. தன் ஐயத்தையும் அதே கடுமையுடன் ஐயுறுவது அவனது கடமை. அக்கடமை தவறிய இடத்தில், ஒரு தபாற்பெட்டி இலக்கம் உயிருள்ள ஒரு மனிதன்மீது சுமத்தப்பட்ட கொலைப்பழிக்குச் சான்றாயிற்று. திறனாய்வு கற்கும் நாம் மறக்கலாகாத பாடம் இது.