பெய்ஜிங்கில் ஆரஞ்சு காய்ப்பதில்லை: சீன, டச்சு எழுத்துப் பரிமாற்றம் குறித்துச் சில குறிப்புகள்

சில மாதங்களுக்கு முன் ஒரு சின்னக் கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்போம். நண்பர் ஒருவர் ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்திருந்த சீனக் கவிதைகளை வாசித்தார். துவோ துவோவின் கவிதைகள். வாசித்து முடித்ததும், இயக்க வேலைகளிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்த தோழர் ஒருவர் கேட்டார்: "இதெல்லாம் தியானன்மென்னுக்கு முன்னாடி எழுதினதா, பின்னாடி எழுதினதா?" நண்பர் தேதிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முன்னாடிதான் என்றார். "அப்ப இதுல என்னதான் இருக்கு?" என்றார் தோழர்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய கேள்வியும் அல்ல அது. எனக்கு அந்த நேரத்தில் பதில் தோன்றவில்லை. அதற்கப்புறம் யோசித்ததைத்தான் எழுதுகிறேன். தோழரின் கேள்வி அவர் ஒருவருடையது அல்ல. தொலைவிலிருந்து வரும் ஒரு பிரதியை நாம் எந்த வாசல் வழியாக உள்ளே விடுகிறோம் என்பது பற்றியது அது. சாட்சிக் கூண்டு வழியாகத்தான் விடுகிறோம். வந்தவர் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவரிடம் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுகிறோம்.

துவோ துவோ 1951இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் கிராமத்துக்கு அனுப்பப்பட்ட தலைமுறை. 1972 வாக்கில் எழுதத் தொடங்கினார். வெளியிட வழியில்லாத கவிதைகள் அவை, கைமாற்றிக் கைமாற்றிப் படிக்கப்பட்டவை. பின்னர் விவசாயிகளுக்கான ஒரு நாளிதழில் வேலை பார்த்தார். 1989 ஜூன் 4ஆம் தேதி, முன்பே ஏற்பாடாகியிருந்த கவிதை வாசிப்புக்காக, பெய்ஜிங்கிலிருந்து லண்டனுக்கு விமானம் ஏறினார். எந்த ஜூன் 4 என்று சொல்ல வேண்டியதில்லை. திரும்பிப் போக முடியவில்லை. பதினைந்து ஆண்டுகள், பெரும்பாலும் நெதர்லாந்தில், குறிப்பாக லெய்டனில் வாழ்ந்தார். 2004இல் சீனா திரும்பி ஹைனான் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

விமானத்திலிருந்து இறங்கியவரைக் கவிஞராகப் பார்த்தவர்கள் குறைவு. அவர் நேரில் பார்த்துவிட்டு வந்தவர். 1989இலேயே லண்டனில் ஒரு தொகுப்பு வந்தது. 'மரணத்திலிருந்து வெளியே பார்த்தல்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். துணைத்தலைப்பு: கலாச்சாரப் புரட்சி முதல் தியானன்மென் சதுக்கம் வரை. கவனியுங்கள், உள்ளே இருப்பவை தியானன்மென்னுக்கு முன் எழுதப்பட்டவை. பதிப்பகத்துக்கு அதெல்லாம் ஒரு தடையே இல்லை. பிரதிக்குள் இல்லாத ஒரு சம்பவத்தை அட்டை கொண்டுவந்து ஒட்டிவிடுகிறது, வாசகர் அந்த அட்டை வழியாகத்தான் உள்ளே நுழைகிறார். எழுபதுகளில் எழுதிய வரிகள் எண்பத்தொன்பதின் தீர்க்கதரிசனமாகிவிடுகின்றன. மொழிபெயர்த்தவர்கள் உழைத்து, நேசித்துச் செய்தவர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. நான் சொல்வது சட்டகத்தை.

அதே ஆண்டில் அவர் எழுதிய 'ஆம்ஸ்டர்டாமின் நதி' என்ற கவிதையை எடுத்துக்கொள்வோம். புலம்பெயர்ந்தவனின் ஏக்கம் என்று முதல் வாசிப்பிலேயே பெயர் வைத்துவிடலாம். நவம்பர், இரவு, அந்நிய நகரம், நதி. திடீரென்று தன் வீட்டு மரத்தின் ஆரஞ்சுகள் வருகின்றன. நானும் முதலில் 'ஆகா, ஊர் ஞாபகம்' என்றுதான் படித்தேன். அப்புறம்தான் உறைத்தது. பெய்ஜிங்கின் குளிரில் வீட்டு முற்றத்து மரத்தில் ஆரஞ்சு காய்ப்பதில்லை. அது தெற்கத்திச் சீனத்துப் பழம். ஆக, கவிதையின் 'வீடு' கவிஞரின் விலாசம் அல்ல. சீன மொழியின் நெடிய கவிதை மரபுக்குள் இருக்கும் ஒரு வீடு அது, அல்லது எங்குமே இல்லாத வீடு. வாக்குமூலமாகப் படித்தால் இந்த ஆரஞ்சு வெறும் தகவல் பிழை. கவிதையாகப் படித்தால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. போக முடியாமல் போனது பெய்ஜிங்குக்கு மட்டும்தானா என்று அந்த மரம் கேட்கிறது.

லெய்டனில் மாகிள் வான் கிரெவல் என்ற டச்சு அறிஞர் துவோ துவோ பற்றி 1996இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். துவோ துவோவின் எழுத்தில் காலம் செல்லச் செல்ல அரசியல்தன்மையும் சீனத்தன்மையும் குறைந்துவருகின்றன என்பது அவரது வாசிப்பு. சாட்சிக் கூண்டிலிருந்து கவிஞரை இறக்கிவிட்ட வேலை இது. அதற்காக அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் எனக்குப் பாதி உடன்பாடுதான். அரசியல் என்பது பாத்திரத்தில் தண்ணீர் மாதிரி அளந்து, கூடியது குறைந்தது என்று சொல்லக்கூடிய விஷயமா? ஆரஞ்சு மரத்தில் அரசியல் இல்லையென்றால் வேறெங்கே இருக்கிறது?

சாட்சி கேட்கும் சந்தைக்கு வேறு வகையிலும் சரக்கு போயிருக்கிறது. 1986இல் நெதர்லாந்து போன லூலூ வாங், டச்சு மொழியிலேயே எழுதினார். 1997இல் வந்த அவரது முதல் நாவல் கலாச்சாரப் புரட்சிக் காலத்துச் சிறுமி ஒருத்தியின் கதை. பெரும் விற்பனை. சீன மரபுத்தொடர்களை அப்படியே டச்சுக்குள் இறக்கியிருந்தார். மொழிக்குள் மொழியை நுழைக்கும் துணிச்சலா, கீழைத்தேய அலங்காரமா என்று கேட்கலாம். இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, வாசகர்கள் கியூவில் நின்றது எந்தச் சீனத்துக்காக என்பது.

இப்போது எதிர்த்திசை. டச்சுப் பிரதி சீனத்துக்குள் எப்படிப் போனது? இங்கேதான் நம் தோழர்களுக்கு நான் சொல்ல விரும்பும் கதை இருக்கிறது. கதாநாயகர் லூ சுன். நம்ம ஆள், சந்தேகமில்லை. 1906இல் டோக்கியோவில் மாணவராக இருக்கும்போது ஒரு ஜெர்மன் இலக்கியப் பத்திரிகையில் ஃப்ரெடரிக் வான் ஈடன் எழுதிய 'குட்டி யோஹான்னஸ்' நூலின் ஒரு பகுதியைப் படிக்கிறார். வான் ஈடன் டச்சுக்காரர், மருத்துவர், ஒரு கம்யூன் நடத்திப் பார்த்தவர், பின்னாளில் தாகூரை ஆங்கிலம் வழியாக டச்சுக்குக் கொண்டுபோனவரும் அவரே. லூ சுன் கடை கடையாகத் தேடுகிறார், கிடைக்கவில்லை. ஜெர்மனிக்கு ஆர்டர் அனுப்பி மாதக்கணக்கில் காத்திருந்து வாங்குகிறார். மொழிபெயர்க்க ஆசை. முடியவில்லை. இருபது வருடம் அந்த ஆசை அப்படியே கிடக்கிறது.

எப்போது செய்தார் தெரியுமா? 1926 கோடையில். அந்த மார்ச் 18ஆம் தேதிதான் பெய்ஜிங்கில் ஊர்வலம் போன மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். செத்தவர்களில் அவருடைய மாணவியும் உண்டு. அவரே சில வாரம் தலைமறைவாக இருக்க வேண்டிவந்தது. அதற்கப்புறம் ஜூலை, ஆகஸ்டில், ஒரு பூங்காவில் உட்கார்ந்து, ஜெர்மன் நன்றாகத் தெரிந்த நண்பர் சீ ஷோஷானோடு சேர்ந்து முதல் வரைவை முடிக்கிறார். அதைத் திருத்தி எழுதியது 1927 மே மாதம், குவாங்சோவில். ஏப்ரலில் அங்கே கம்யூனிஸ்டுகளையும் மாணவர்களையும் வேட்டையாடியிருந்தார்கள். அவர் பல்கலைக்கழக வேலையைத் தூக்கியெறிந்திருந்தார். 1928 ஜனவரியில் புத்தகம் வந்தது.

வெளியே ரத்தம். உள்ளே ஒருவர் தும்பியிலிருந்து பிறந்த குட்டித் தேவதையின் கதையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார். நம் தோழர் அங்கே இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று யூகிக்கலாம்.

கதை சுருக்கமாக: யோஹான்னஸ் என்ற சிறுவன் இயற்கையின் தேவதைகளோடு திரிகிறான், பிறகு எல்லாவற்றையும் கூறு போட்டுப் பார்க்கும் அறிவின் கையில் சிக்குகிறான், அப்பாவின் சாவைப் பார்க்கிறான். கடைசியில் தேவதையின் பக்கம் போகாமல், மனிதர்களும் அவர்களது துயரமும் இருக்கிற இருண்ட நகரத்தை நோக்கி நடக்கிறான். லூ சுன்னைப் பிடித்துவைத்தது இந்த முடிவுதான் என்பது என் ஊகமல்ல, அவரே முன்னுரையில் இதைத் தொட்டுக் காட்டுகிறார்.

பெயர்களில் அவர் பட்ட பாட்டைப் பாருங்கள். ஒரு குள்ளப் பாத்திரத்தின் பெயர் விஸ்டிக். டச்சில் பிரித்துப் படித்தால் 'எனக்குத் தெரிந்திருந்தால்' என்று வரும். ஒலியை மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர் முதலில் 'ஒருவேளை' என்ற பொருளில் ஒரு சொல்லைப் போடுகிறார். திருப்தியில்லை. அடுத்த ஆண்டு அடித்துவிட்டு 'அறியப்போகிறவன்' என்ற பொருளில் 'சியாங்சி' என்று வைக்கிறார். செடிகொடி, பூச்சிகளின் பெயர்களுக்காகத் தம்பி சோ சியென்ரனுக்குக் கடிதம் எழுதிக் கேட்டு, புத்தகத்தின் பின்னால் தனிக் குறிப்பே சேர்க்கிறார். ஹாலந்து எப்படிப்பட்ட நாடு, டச்சுக்காரர் மனம் எப்படிப்பட்டது என்ற விசாரணை அவருக்கு இல்லை. தன் மொழியில் எதற்குப் பெயர் இல்லை என்பதுதான் கவலை. டச்சுப் பிரதியை அவர் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. தன் மொழியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்.

பின்னால் 1930இல், அவரது மொழிபெயர்ப்பு கரடுமுரடாக இருக்கிறது, படிக்க முடியவில்லை என்று லியாங் ஷிச்சியு தாக்கியபோது, வேறு நாட்டிலிருந்து தீயைத் திருடி வருவது தன் சதையையே வேகவைக்கத்தான் என்று பொருள்படப் பதில் எழுதினார். அதுவும் ஜெர்மன் அடுப்பு வழியாக வந்த டச்சுத் தீ! 'மூலத்திலிருந்து வராதது மொழிபெயர்ப்பே அல்ல' என்று இங்கே சட்டம் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அதே நேரம், லூ சுன் ஜெர்மன் வழி போனார் என்பதைச் சாக்காக வைத்து ஆங்கிலத்திலிருந்து அவசரமாகப் பண்ணித் தள்ளும் நாமும் யோசிக்கலாம். அவர் இருபது வருடம் காத்திருந்தவர்.

ராபர்ட் வான் குலிக் வேறு ரகம். டச்சுத் தூதர், சீனப் புலமை கொண்டவர். தாங் காலத்து நீதிபதி தீ ரென்ஜியேயைத் துப்பறிபவராக வைத்து ஆங்கிலத்தில் நாவல்கள் எழுதினார். எண்பதுகளில் அவை சீனத்துக்குப் போய் ஜனங்கள் விரும்பிப் படித்தார்கள், தொலைக்காட்சித் தொடரும் வந்தது. தன் நீதிபதியைச் சீனம் ஒரு டச்சுக்காரரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டது. ரசமான விஷயம்தான், ஆனால் அதில் யாருக்கும் எதுவும் உடையவில்லை.

உடைவது ஹான் ஷாவ்கொங்கிடம். 1996இல் வந்த 'மாச்சியாவ் அகராதி' ஒரு கிராமத்தின் சொற்களை அகராதிப் பதிவுகளாக அடுக்கிய நாவல். விழிப்பு என்று பொருள்படும் சொல்லுக்கு அந்தக் கிராமத்தில் முட்டாள்தனம் என்று அர்த்தம். வெளியூரிலிருந்து 'விழிப்பூட்ட' வந்தவர்களைப் பற்றி அந்த ஒரு சொல் எவ்வளவு சொல்லிவிடுகிறது! நகரத்துப் பொதுச் சீனத்துக்குள் கிராமத்தை மொழிபெயர்க்க முடியாமல் திணறுவதுதான் நாவலே. எழுதியவரும் மொழிபெயர்ப்பாளர், குந்தேராவை ஆங்கிலம் வழியாகச் சீனத்துக்குக் கொண்டுவந்தவர். இந்த நாவல் டச்சில் 2002இல் வந்துவிட்டது, மார்க் லேன்ஹவுட்ஸின் மொழிபெயர்ப்பு, நேரடியாகச் சீனத்திலிருந்து. ஆங்கிலத்தில் வந்தது 2003இல். உலகம் ஆங்கிலம் வழியாகத்தான் சுற்றுகிறது என்று நம்புகிறவர்களுக்காக இந்த ஒரு வருட இடைவெளியைச் சொல்லிவைக்கிறேன்.

டச்சு பேசுகிறவர்கள் சுமார் இரண்டரைக் கோடிப் பேர். தமிழைவிடச் சிறிய மொழி. அங்கே 1996இல் சீன இலக்கியத்துக்கென்றே ஒரு பத்திரிகையை லேன்ஹவுட்ஸும் நண்பர்களும் தொடங்கினார்கள். 'மெல்லிய தீ' என்று பெயரைத் தமிழாக்கலாம். அந்த வட்டத்தில் வளர்ந்த மூன்று பேர் (லேன்ஹவுட்ஸ், சில்வியா மரெய்நிசன், ஆனா சைட்ஸ்கே கெய்சர்) பத்து வருடத்துக்கும் மேல் உழைத்து 'சிவப்பு மாளிகையின் கனவு' முழுவதையும் 2021இல் டச்சில் கொண்டுவந்தார்கள். இங்கே சீனத்திலிருந்தே கவித்தொகைப் பாடல்களை 2012இல் தந்த பயணியை விட்டால் விரல் மடக்க ஆள் தேட வேண்டியிருக்கிறது.

ஆனால் 'பரிமாற்றம்' என்ற சொல்லை அரசுகள் எடுத்துக்கொண்டால் வேறு காட்சி. 2011இல் பெய்ஜிங் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியில் நெதர்லாந்து சிறப்பு விருந்தினர் நாடு. அரங்கு, எழுத்தாளர் குழு, மானியம் எல்லாம் உண்டு. அந்த நேரத்தில் லியூ சியாவ்போ பதினோரு ஆண்டுத் தண்டனையில் சிறையில் இருந்தார் (2017இல் காவலில் இருக்கும்போதே இறந்தார்). போகாமல் இருந்திருக்க வேண்டுமா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அங்கே போய்ச் சேர்ந்த டச்சுப் புத்தகங்களை யாரோ ஒரு சீன இளைஞன் படித்திருப்பான். எனக்கு உறுத்துவது வேறு. மேடையில் கைகுலுக்கிக்கொள்வது இரண்டு தேசங்கள். மாச்சியாவ் கிராமத்துக்கு அந்த அரங்கில் மேசை கிடையாது.

1978 டிசம்பரில் பெய் தாவும் மாங் கேவும் 'இன்று' பத்திரிகையை சைக்ளோஸ்டைல் செய்து பெய்ஜிங் சுவர்களில் ஒட்டினார்கள். ஒன்பது இதழ் வந்தது, 1980இல் நிறுத்தவைத்தார்கள். அதற்கப்புறம் சீனமெங்கும் இப்படி அரசு அனுமதியில்லாத கவிதைப் பத்திரிகைகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றைத் தேடிச் சேர்த்த பெரிய தொகுப்புகளில் ஒன்று லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது, வான் கிரெவல் பை பையாகச் சுமந்து கொண்டுபோனது. மங்கிய மை, கோணல் பின், கையால் திருத்திய அச்சுப்பிழை. நம் வீட்டுப் பரணில் இருப்பதைப் போலத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நண்பர் தொகுப்பை அச்சுக்குக் கொடுக்கப்போகிறார். பின்னட்டையில் 'தியானன்மென் கவிஞர்' என்று போட்டால் விற்கும் என்று பதிப்பாளர் சொல்கிறாராம். என்ன செய்ய என்று போனில் கேட்டார். அந்தத் தோழரைக் கூப்பிட்டு ஆம்ஸ்டர்டாம் கவிதையை மட்டும் இன்னொரு தடவை வாசித்துக் காட்டுங்கள், பெய்ஜிங்கில் ஆரஞ்சு காய்க்காது என்பதைச் சொல்லிவிட்டு வாசியுங்கள் என்றேன். அவர் என்ன சொல்கிறார் என்று தெரிந்த பிறகு அட்டையைப் பற்றிப் பேசலாம்.