காலம், இடம், தோழமை: ஒரகடப் பகுதியில் நாட்டுப்புறக் கச்சேரி

கச்சேரியைத் திறனாய்வோர் பெரும்பாலும் பாடுவோரின் குரலையும் பாட்டின் பொருளையும் மட்டுமே எடைபோடுகின்றனர். கேட்போரை எடைபோடுவோர் அரியர். ஆனால் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஜுனைத் (ரஹ்) அவர்கள், 'ஸமாஉ' எனப்படும் இசை கேட்டலுக்குக் காலம், இடம், தோழமை ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும் எனக் கருதியதை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் எடுத்துரைக்கின்றார்கள். இசை கூடுமா, கூடாதா என்னும் ஃபிக்ஹு விவாதத்திற்குள் ஈண்டு நாம் புகவில்லை. இம்மூன்றும் பாடுவோரைப் பற்றியன அல்ல, கேட்போரைப் பற்றியன என்பதே நம் கவனத்திற்குரியது. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் ஆடித் திருவிழாவிலும் பொங்கலிலும் நிகழும் நாட்டுப்புறப் பாடகர் கச்சேரிகளை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம்.

முதலில் இடம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கிற்று. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை திறக்கப்பட்டது. ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த ஊர்களைச் சூழ்ந்து தொழிற்பேட்டைகள் எழுந்தன. அவற்றை நாடி இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை முதலிய மாவட்டங்களின் இளைஞர்கள் வந்தனர். அவர்களுக்கு இக்கச்சேரி வெறும் பொழுதுபோக்கன்று. கொல்லங்குடி கருப்பாயி அவர்கள் வானொலியிலும், 1985இல் 'ஆண்பாவம்' திரைப்படத்திலும் ஒலிக்கச் செய்த குரல் அவர்தம் பாட்டிமாரின் குரலே. 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்ற விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் அவர்கள் ஊர் ஊராய்ச் சென்று தொகுத்துப் பாடியவை அவ்வூர்களின் செல்வமே. அதே ஆண்டில் புதுக்கோட்டை மண்ணின் செந்தில் கணேஷ் தொலைக்காட்சியின் சூப்பர் சிங்கர் போட்டியில் வென்றபோது, இவ்விளைஞர்கள் தாமே வென்றதாகக் களித்தனர்.

இரசிகர் நடுவே அமர்ந்து கேட்கும் இன்பத்தை நாமும் நுகர்ந்திருக்கின்றோம். மேடையில் வைகையின் பெயர் எழுந்ததும் ஒரு மூலை ஆர்ப்பரிக்கின்றது. தாமிரபரணி எனின் மறுமூலை எழுந்து நிற்கின்றது. அருகிருக்கும் அறிமுகமற்றவர், "எந்த ஊருண்ணே?" என்று வினவி உறவாகிவிடுகின்றார். தமிழறியாத ஒடிசாத் தொழிலாளரும் பீகார்த் தொழிலாளரும் தவிலின் அடிக்குத் தவறாது கை தட்டுகின்றனர். வாடகை அறைகளில் தனித்துக் கிடந்தோரை ஓரிரவேனும் ஊராக்கும் ஆற்றல் இப்பாட்டுக்கு உண்டு.

அவ்வாற்றல் எங்கிருந்து வந்தது? நாட்டுப்புறப் பாடல்களில் பெரும்பகுதி உழைப்பிற் பிறந்தது. நடவுப் பாட்டும் ஏற்றப்பாட்டும் உழைப்போரின் கையசைவுக்கு அளவு தந்தன. ஒருவர் எடுத்துக் கொடுக்க ஏனையோர் பின்பாட்டுப் பாடினர். ஒட்டகம் ஓட்டிய அரபியரின் 'ஹுதா' பாடலும் இவ்வினத்ததே. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் மதீனாவைச் சுற்றி அகழ் தோண்டிய ஸஹாபாக்கள் பாடிக்கொண்டே மண் சுமந்தனர். உடன் உழைத்த நபி (ஸல்) அவர்கள் பாட்டின் இறுதிச் சொற்களைக் குரல் நீட்டி மொழிந்தார்கள் என ஸஹீஹுல் புகாரி கூறுகின்றது. ஆலையிலோ வேலையின் வேகத்தை நிர்ணயிப்பது உழைப்போரின் கையன்று, ஓடும் கன்வேயர் பட்டையே. அங்குப் பின்பாட்டுக்கு இடமில்லை. எனவே அத்தொழிலாளிக்குக் கூடிப் பாடும் வாய்ப்பு எஞ்சியிருப்பது கச்சேரித் திடலில்தான்.

இங்கேதான் நம் குறை எழுகின்றது. ஆளுயரப் பெட்டிகளை அடுக்கி, கீபோர்டையும் ரிதம் பேடையும் முழக்கி, கேட்போரின் குரலை நசுக்கிவிடுகின்றனர். பாடகர் ஒலிவாங்கியைக் கூட்டத்தை நோக்கி நீட்டுகின்றார், கூட்டமும் பாடுகின்றது, அப்பாட்டு அவர்தம் செவிக்கே எட்டுவதில்லை. எகிப்தின் உம்மு குல்தூம் ஒரு கிராமத்து இமாமின் மகளார். அவர் மாதந்தோறும் முதல் வியாழன் இரவு நிகழ்த்திய கச்சேரிகள் வானொலி வழி அரபுலகெங்கும் கேட்கப்பட்டன. அவையோர் வியந்து குரலெழுப்பினால் அதே அடியை வேறு வேறு விதமாய் மீண்டும் மீண்டும் பாடுவார். ஒரு பாட்டே ஒரு மணி நேரம் நீளும். செவிநுட்பமுடைய அவ்விரசிகரை அரபியர் 'ஸம்மீஆ' என்பர். பாட்டின் நீளத்தை அவையும் சேர்ந்து முடிவு செய்த அவை அது. நம் திடலிலோ பாட்டு நீள்வதும் முடிவதும் பட்டியற்படியே.

அடுத்துக் காலம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தடை விதிக்கின்றன. விழா நாட்களில் அரசு தரும் விலக்கு நள்ளிரவு வரைதான். இரண்டாம் ஷிப்டில் இருப்போர் வேலை முடிந்து வருகையில் பெரும்பாலும் பந்தல் பிரிக்கப்படுகின்றது. உழைப்பில் பிறந்த பாட்டு உழைப்போரின் நேரத்தை அறியாதிருப்பது விந்தையே.

தோழமையில் உள்ள குறைதான் யாவற்றினும் பெரிது. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் நடவுப் பாட்டும் பெண்கள் காத்த செல்வம். ஆயின் இத்திடல்களில் நிறைந்திருப்போர் ஆண்களே. மின்னணு ஆலைகளில் பணிபுரிவோரோ பெரும்பாலும் பெண்கள். அவர்கள் தங்குவதற்கென வல்லம் வடகாலில் 2024இல் திறக்கப்பட்ட சிப்காட் விடுதி ஒன்றிலேயே 18,720 பேர் தங்கலாம். விடுதிகளில் வாழும் இளம்பெண்கள் இரவுக் கச்சேரிக்குத் தனியே வந்து திரும்புதல் எளிதன்று. பாட்டைப் பெற்றெடுத்தோரின் பேத்திமார் மதிலுக்கு உள்ளே இருக்க, பாட்டு மதிலுக்கு வெளியே விற்பனையாகின்றது. தோழமை பாதியாய்க் குறைந்த அவையை நிறைந்த அவை என்று நாம் எங்ஙனம் மதிப்போம்?

விழாக் குழுவினரும் ஆலை நிர்வாகத்தினரும் பாடகர்களும் மனம் வைத்தால் இதனை மாற்றுதல் கடினமன்று. வார விடுமுறை நாளின் மாலைப்பொழுதில், விடுதி வளாகத்தின் உள்ளேயே, கூட்டத்தின் குரலுக்கு அடங்கிய ஒலி அளவில் ஒரு கச்சேரி நடக்கட்டும். பாடகர் பாதி நேரம் பாடட்டும். மீதி நேரம் அங்குள்ள பெண்கள் தத்தம் ஊர்ப் பாட்டை எடுத்துக் கொடுக்கட்டும், பாடகர் பின்பாட்டுப் பாடட்டும். ஒடியாவும் அஸ்ஸாமியும் அங்கு ஒலிக்குமாயின் அதுவும் நன்றே.