ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு: ஓப்பன்எம்ஆர்எஸ் எப்படிச் சேர்க்கிறது?

நத்தத்திலிருந்தோ வேடசந்தூரிலிருந்தோ பஸ் ஏறி, மாதாமாதம் திண்டுக்கல்லுக்கு வந்து சுகர் மாத்திரை வாங்கிப்போகும் ஒரு அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன் அவர் இனிஷியல் அப்பா பெயரில் இருந்தது. இப்போது கணவர் பெயரில். போன் நம்பர் ஒரு தடவை மகனுடையது, மறு தடவை மருமகளுடையது. வயதைக் கேட்டால், "அம்பது, அம்பத்தஞ்சு இருக்கும்" என்பார். கம்ப்யூட்டரில் அவர் இரண்டு ஆளாகிவிடுகிறார். பென்சிலின் ஒவ்வாமை ஒரு பதிவில் இருக்கும். பில் போடுகிறவர் திறப்பது மற்றொரு பதிவாக இருக்கும். ஆபத்து அங்கேதான்.

இந்த இரண்டையும் ஒன்றாக்கும் வசதி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஓப்பன்எம்ஆர்எஸ்ஸை எடுத்துக்கொண்டேன். 2004-ல் தொடங்கிய திறமூல மென்பொருள் இது, காசு கிடையாது. நோயாளி விவரமும் மருந்து உத்தரவும் ஒரே இடத்தில் இருப்பதால், உள்ளேயே மருந்தகம் வைத்திருக்கும் சின்ன மருத்துவமனைக்குப் பொருந்தும். நிஜ நோயாளி யாருடைய விவரத்தையும் தொடவில்லை. நானே உருவாக்கிய மாதிரிப் பதிவுகளில்தான் சோதித்தேன்.

முதலில் தேடல். பெயர், பாலினம், பிறந்த தேதி, அடையாள எண் போன்றவற்றில் இரண்டையாவது தேர்ந்தெடுத்தால், ஒத்துப்போகும் பதிவுகளைப் பட்டியல் போடுகிறது. ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒத்தால்தான் பிடிக்கும். தமிழ்ச்செல்வி என்ற பெயரை ஆங்கிலத்தில் அடிக்கும்போது 'ழ்'க்கு ஒருவர் 'எல்' போடுவார், இன்னொருவர் 'இசட்ஹெச்' போடுவார். அவ்வளவுதான், தேடல் தோற்றுவிடும். ஒலியை வைத்துப் பெயர் தேடும் சவுண்டெக்ஸ் முறை 1918-லேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. அதைக் கொண்டு கணக்கிட்டாலும் இந்த இரண்டு எழுத்துமுறைக்கும் டி542, டி524 என்று வேறு வேறு குறியீடுதான் வருகிறது. நம் பெயர்களுக்கு இந்தத் தேடல் போதாது.

சேர்க்கும் பகுதி அப்படியில்லை. நன்றாக யோசித்துச் செய்திருக்கிறார்கள். எந்தப் பதிவு நிலைக்க வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். வருகைகள், உத்தரவுகள், அடையாள எண்கள், பழைய பெயர் எல்லாம் அதற்கு மாறுகின்றன. மற்றது அழிவதில்லை; செல்லாததாகக் குறிக்கப்படுகிறது. எதை எதோடு சேர்த்தோம் என்ற தடமும் பதிவாகிறது. சேர்த்தபின் பிரிக்க முடியாது என்று முன்கூட்டியே எச்சரிக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அது மறுக்கும் இடம். இரண்டு பதிவிலும் மருந்து உத்தரவு நடப்பில் இருந்தால், சேர்க்க மாட்டேன் என்கிறது. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை இரண்டிலும் ஓடிக்கொண்டிருந்தால், சேர்ந்த பதிவில் இரட்டை டோஸாகத் தெரியுமல்லவா? எது சரி என்று டாக்டரிடம் கேட்டு முடிவு செய்தபிறகுதான் மேலே போக முடியும்.

பழைய பெயர் தங்குவதும் முக்கியம். மருந்து விதிகளின் எச்1 பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு 2014 மார்ச் 1 முதல் தனி ரெஜிஸ்டர் கட்டாயம்: எழுதிக்கொடுத்த டாக்டரின் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு. மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும். அந்த ரெஜிஸ்டரில் உள்ள பெயரை வைத்துத் தேடினாலும் ஆள் கிடைக்க வேண்டும்.

தீர்ப்பு: தேடலில் பலவீனம், சேர்ப்பதில் பலம். எந்த மருந்தக மென்பொருள் வாங்கினாலும் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: நடப்பு மருந்து மோதினால் நிறுத்துமா, பழைய பெயரை வைத்திருக்குமா, யார் எப்போது சேர்த்தார் என்று காட்டுமா? நோயாளியிடம் 14 இலக்க ஆபா எண் (அரசின் சுகாதாரக் கணக்கு எண்) இருந்தால் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். பெயர்க் குழப்பம் பாதி தீரும். மீதியை அவரையே கேட்டுத் தெளியுங்கள்: அப்பா பெயர், வீட்டுக்காரர் பெயர், எந்த ஊர்.

சந்தேகம் இருந்தால் சேர்க்காதீர்கள். ஒருவருக்கு இரண்டு பதிவு இருந்தால் நாளைக்குக்கூடச் சேர்த்துக்கொள்ளலாம்; இரண்டு பேரை ஒருவராக்கிவிட்டால் பிரிப்பதற்குப் பொத்தான் கிடையாது.