‘செய’ என் எச்சமும் இலத்தீன் இன்பினிட்டிவும்

தமிழ் இலக்கணத்தை மேனாட்டார்க்கு உணர்த்தப் புகுந்தோர் இலத்தீன் இலக்கணச் சட்டகத்தைத் துணைக்கொண்டனர். சீகன்பால்கு இலத்தீனில் இயற்றிய தமிழ் இலக்கணம் 1716இல் ஆலே நகரில் அச்சேறிற்று. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் வெளிவந்தது. ‘செய’ என் வாய்பாட்டு வினையெச்சத்தை இன்பினிட்டிவ் எனும் வழக்கும் இம்மரபில் நிலைபெற்றது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணமும் (1856) அப்பெயரையே ஆண்டது. கற்பார்க்கு இஃது எளிய வழி. எனினும், இரண்டும் ஒன்றே எனக் கொள்ளுதல் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

‘உழு’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையின் இன்பினிட்டிவ் ‘அராரே’ என்பது. அது பெயர்போல் நின்று எழுவாயாகும். தமிழில் ‘உழுதல் நன்று’ எனத் தொழிற்பெயரே அவ்விடத்து வரும். ‘உழ நன்று’ என்பது வழக்கன்று. மேலும், ‘அராவிஸ்ஸே’ என இறந்தகாலத்திற்கும், ‘அராத்தூருஸ் எஸ்ஸே’ என எதிர்காலத்திற்கும் இலத்தீனில் தனி வடிவங்கள் உள. ‘உழ’ என்பதோ காலங்காட்டும் உறுப்பு இல்லாதது.

இனி, ‘உழ வந்தான்’ என நோக்கப் பொருள் தருதல் தமிழெச்சத்திற்கு இயல்பு. சிசெரோ, சீசர் முதலியோரின் உரைநடையில் அவ்விடத்துப் பெரும்பாலும் இன்பினிட்டிவ் வாராது. ‘அராத்தும்’ என்னும் வேறு வடிவமோ தனி வாக்கியமோ வரும். ‘மழை பொழிய நொய்யல் பெருகிற்று’ என வேறு எழுவாய் கொண்டு காரணம் உணர்த்துதலும் ‘செய’ எச்சத்தின் உரிமை. இலத்தீன் அதனை வேற்றுமைத் தொடரால் உணர்த்தும்.

ஒத்த இடமும் உண்டு. விருப்பமும் கடமையும் உணர்த்தும் வினைகளோடு இரண்டும் ஒருங்கே வருகின்றன. கொங்கு நாட்டுப் பேச்சில் ‘போக வேண்டும்’ என்பது ‘போகோணும்’ என ஒரு சொல்லாய்த் திரண்டுள்ளது. இலத்தீன் விருப்பத்திற்கும் கடமைக்கும் வெவ்வேறு வினைகளை ஆள, தமிழ் ‘எனக்குப் போகோணும்’, ‘நான் போகோணும்’ என வேற்றுமையாலும் பொருளை வேறுபடுத்த வல்லது.

பெயர்க்காரணமும் நோக்கத்தக்கது. இடம், எண் ஆகியவற்றால் வரையறைப்படாமை பற்றி இலத்தீனார் பெயரிட்டனர். முடிக்குஞ்சொல்லை வேண்டி எஞ்சி நிற்றல் பற்றித் தமிழர் எச்சம் என்றனர். முன்னது சொல்வடிவை நோக்கியது. பின்னது தொடரை நோக்கியது. கொடுந்தமிழை இலத்தீனில் விளக்கிய வீரமாமுனிவரே தொன்னூல் விளக்கத்தைத் தமிழ் மரபின் ஐந்திலக்கண முறையில் அமைத்தார். ஆகவே, பெயரொப்புமை கற்கத் தொடங்குவார்க்குத் துணையாகலாம், ஆராய்ச்சிக்கு முடிவாகாது.