‘இந்தியன்’ திரைப்படத்தில் முறையும் பழியும்

நாடகத்தை முத்தமிழுள் ஒன்றாகக் கொண்ட நாம், அதன் இக்கால வடிவமாகிய திரைப்படத்தை ஆராய்ச்சிக்குப் புறம்பாக்குதல் பொருந்தாது. 1996 மே மாதம் வெளிவந்த ‘இந்தியன்’ ஷங்கர் இயக்கியது; உரையாடல் சுஜாதாவினுடையது; கமல்ஹாசன் தந்தையும் மகனுமாக இருவேடம் ஏற்றார். நேதாஜியின் படையிலிருந்த முதியவர் சேனாபதி, கையூட்டு வாங்கும் அலுவலரை வர்மத்தால் முடக்கிக் கத்தியால் கொல்கிறார். இறுதியில், கையூட்டுப் பெற்றுப் பழுதுற்ற பேருந்துக்குச் சான்று வழங்கிப் பள்ளிச் சிறார் பலர் சாவுக்குக் காரணமான தம் மகனையும் கொல்கிறார்.

மகனைக் கொல்லத் துணிந்த தந்தை என்றவுடன் பெரியபுராணத்து மனுநீதிச் சோழன் நினைவுக்கு வருதல் இயல்பு. ஒப்புமை உண்டு, வேற்றுமை அதனினும் பெரிது. சோழன் செயலுக்கு முன் ஆராய்ச்சி மணி ஒலித்தது; பசுவின் முறையீடு கேட்கப்பட்டது; அமைச்சர் மாற்றுரை கூறினர். கண்ணகியும் முதற்கண் அவையேறி வழக்குரைத்தாள். பின்னரே மதுரை எரிந்தது. சேனாபதிக்கோ அவையும் இல்லை; எதிருரையும் இல்லை. வழக்குரைப்பவரும் தீர்ப்பளிப்பவரும் ஒறுப்பவரும் அவர் ஒருவரே. கொடியாரை ஒறுத்தலை வள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்துள் வைத்தமை ஈண்டுக் கருதத்தக்கது. அது வேந்தன் கடன். தனியொருவன் சினம் அன்று.

அதே 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தையும் கெடுத்தமை பற்றிய வழக்கு அது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என நீதிமன்றம் உறுதி செய்தது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் சேனாபதியின் கத்தி யார்மேல் பாயும்? ஆலை உடையவர், கண்டும் காணாத அலுவலர், மலிவாகக் கேட்கும் அயல்நாட்டு வணிகர், காலணி அணியும் நாம் எனக் குற்றம் பலர்பால் பரந்து கிடக்கின்றது. ஆலையை மூடினாலோ, அங்கு உழைப்பவர் வீட்டு அடுப்பும் அணையும். தீமைக்கு ஒரு முகம் வேண்டும் என்பது கதையின் தேவை. சமுதாயத் தீமைக்கு அவ்வாறு ஒரு முகம் அமைவதில்லை.

ஆயினும் படத்தின் சினத்தைப் பொய்யென ஒதுக்குதல் நேர்மையன்று. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக் கிடந்த தொழிலாளர் பதின்மர் மாண்டனர். முதல் தீர்ப்புக்கு 28 ஆண்டுகள் கழிந்தும், 2025 ஜனவரி 30ஆம் நாள் பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றமே மீண்டும் ஆணையிட நேர்ந்தது. மணி ஒலித்தது, முறை தாழ்த்தது.

முறை தாழ்க்குமிடத்துப் பழி தலைதூக்கும். இஃது இப்படம் கண்ட உண்மை. பழியையே முறையெனக் கொண்டது அதன் பிழை. இரண்டையும் ஒருங்கு காண்டலே திறனாய்வின் கடன் என்பது எம் துணிபு.